கம்ப்ரெஸர் மைக் விசிலை நிறுத்தாது

அண்ணே, கம்ப்ரெஸர் (உரத்த சத்தத்தைத் தானாகவே அமுக்கும் கருவி) மாட்டினால் கோயில் மைக் விசிலடிக்காது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு.

திரெஷோல்ட், அதாவது கம்ப்ரெஸர் அமுக்கத் தொடங்கும் அளவு, மைனஸ் 20 டெசிபல்; ரேஷியோ 4:1, அதாவது அந்த அளவைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலும் 1 ஆகச் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 8-இல் ஒருவர் கத்தினால் அது மைனஸ் 17-க்கு இறங்கும். 9 டெசிபல் போச்சே என்று மேக்கப் கெயினில் (இறங்கிய சத்தத்தை ஈடுகட்ட மொத்தமாக ஏற்றும் குமிழ்) 9 ஏற்றிவிடுகிறோம். அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது கம்ப்ரெஸர் கையை எடுத்துவிடும், ஆனால் அந்த 9 டெசிபல் அப்படியே நிற்கும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்ப நுழைந்து விசில் கிளம்புவது அங்கேதான். லெவலர் (சத்தத்தை ஒரே அளவில் வைக்கப் பார்க்கும் கருவி) இன்னும் மோசம். பேச்சு நின்றால் தானாகவே கெயினை ஏற்றும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட் கோயில் திருவிழாவில் நானும் இதே தப்பைச் செய்தேன். தலைவர் பேச்சை நிறுத்தினால் போதும், பின்னால் ஓடிய ஜெனரேட்டர்தான் மைக்கில் பேசியது!

மேக்கப்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். ரேஷியோ 3:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 10 முதல் 20 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 150 மில்லிசெகண்ட் வாக்கில். உரத்துப் பேசும் இடத்தில், எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் மீட்டர் 3 முதல் 6 டெசிபல் இறங்கினால் சரி. விசிலை நிறுத்த, ஸ்பீக்கரை மைக்கைத் தாண்டிக் கூட்டத்தின் பக்கம் முன்னால் தள்ளுங்கள், அப்புறம் கூவுகிற அலைவரிசையை மட்டும் ஈக்வலைஸரில் குறையுங்கள்.