சி.ஆர்.பி. 10-ஐத் தாண்டினால் புற்றுநோயா?

"சி.ஆர்.பி. 10-க்கு மேல் போனால் புற்றுநோய், கீழே இருந்தால் கவலையில்லை" என்று மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) உடலில் அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம்; ரத்தப் பரிசோதனையில் அளப்பார்கள். பல்லில் சீழ், நிமோனியா, முடக்குவாதம், முந்தாநாள் செய்த அறுவை சிகிச்சை, எதற்கும் ஏறும். சுமார் 6 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி 2 நாளில் உச்சம் தொடும். காரணம் நீங்கினால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். காய்ச்சலோடு கோரிப்பாளையத்து லேபில் எடுத்த ஒற்றை ரிப்போர்ட்டில் புற்றுநோயைப் படிக்க முடியாது. கட்டியோ ரத்தப்போக்கோ இருந்தால், சி.ஆர்.பி. நார்மல் என்று சும்மா இருக்கவும் கூடாது. அந்த இடத்துத் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் பதில் சொல்லும்.

10 என்ற எண்ணுக்கு வேறு இடத்தில் வேலை உண்டு. புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு நோயின் போக்கைக் கணிக்கும் திருத்தப்பட்ட கிளாஸ்கோ மதிப்பெண்ணில், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 1. கூடவே ஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதம் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே இறங்கினால் 2. மதிப்பெண் கூடினால் நோயின் போக்கு கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவே.

அலகையும் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான்: சில லேப்கள் டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் தரும். அதில் 1.2 என்றால் லிட்டருக்கு 12.