முழு ஆட்டத்தையும் பாருங்கள்

பழைய ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வெறும் ஏக்கம், கோல்களை மட்டும் பார்த்தாலே போதும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகனாக இதை ஏற்க முடியவில்லை.

1999 மே 26, பார்சிலோனா காம்ப் நூ மைதானம், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குடன் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி. கோல்களை மட்டும் பார்த்தால் யுனைடெட்டின் ஷெரிங்கமும் சோல்ஷாரும் கடைசி நிமிடங்களில் அடித்து வென்றதுதான் கண்ணில் நிற்கும். முழுப் பதிவையும் பாருங்கள்: யுனைடெட் ஆடியது சுமார்தான்! கீனும் ஸ்கோல்ஸும் தடையில் வெளியே. பெக்கம் நடுக்களத்தில், கிக்ஸ் பழக்கமில்லாத வலப்பக்கம். 6-வது நிமிடமே பயர்னின் பாஸ்லர் ஃப்ரீ கிக்கில் கோல். அப்புறம் அவர்களின் ஷோல் தூக்கி விட்டது கம்பத்தில் பட்டது, யாங்கர் தலைகீழாக அடித்தது மேல்கம்பத்தில் பட்டது. முடிவு தெரிந்தும் அந்த இடத்தில் எனக்கு இன்னும் வயிறு கலங்கும்.

இன்னொன்று. 80-வது நிமிடத்தில் பயர்ன் அணியில் மத்தேயஸை வெளியே எடுத்து ஃபிங்க்கை இறக்கினார்கள். சமன் செய்த கோலுக்கு முன்னால் கார்னர் பந்தைச் சரியாக உதைக்காமல் கிக்ஸ் காலுக்கே அனுப்பியவர் அதே ஃபிங்க். இதெல்லாம் இரண்டு நிமிட வீடியோவில் எங்கே தெரியும்?

பயர்ன் ரசிகர்கள் இதைத் திரும்பப் பார்ப்பார்களா என்பது வேறு கதை. 2013-இல் வெம்பிளியில் டார்ட்மண்டை வென்ற ஆட்டம் அவர்களிடம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளட்டும்.