ஆபரேஷன் எப்போ?

அக்காவுக்கு மார்புப் புற்றுக்கான ஆறாவது கீமோ முடிந்ததிலிருந்து தெருவில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், ஆபரேஷன் எப்போ? தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போதுகூடக் கேட்கிறார்கள். தண்டையார்பேட்டையில் எந்த வீட்டு விஷயம்தான் வீட்டுக்குள் நின்றிருக்கிறது, சொல்லுங்கள்.

இப்போதைக்கு இல்லை என்றால் முகம் மாறிவிடுகிறது. "கைவிட்டுட்டாங்களா?" என்று ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார். மாமாவும் முதலில் அப்படித்தான் நினைத்தார். நகையை அடகு வைத்துத் தனியாரில் பார்க்கலாம் என்று கிளம்பினார். அங்கே எலும்பு ஸ்கேனை உறையிலிருந்து உருவக்கூட இல்லை, தேதி கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு மார்பில் கட்டி தெரிந்தபோதே நோய் முதுகெலும்புக்கும் கல்லீரலுக்கும் போயிருந்தது, நாலாவது ஸ்டேஜ். கீமோவில் கட்டி நன்றாகவே சுருங்கியது. சுருங்கியதை வெட்டி எடுத்துவிட்டால் ஆயுசு கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. மும்பை டாடா மெமோரியலில் இதையேதான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கீமோவுக்கு நோய் அடங்கிய 350 பெண்களைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனும் கரண்டும் (கதிர்வீச்சு), மறு பாதிக்கு அவை இல்லாமல். 2015-இல் முடிவு வந்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், ஆபரேஷன் பக்கம் 19.2 மாதம், செய்யாத பக்கம் 20.5. மார்பில் நோய் திரும்ப வளர்வது குறைந்தது உண்மை, ஆனால் ஆயுசு நீளவில்லை. பிறகு அமெரிக்காவில் 256 பேரை வைத்துச் செய்ததிலும் அப்படியேதான்.

மாமா கூகுளில் துருக்கி ஆய்வைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதில் ஆபரேஷன் செய்தவர்கள் கூடுதல் காலம் இருந்தது நிஜம்தான். ஆனால் அங்கே மருந்துக்கு முன்னாலேயே ஆபரேஷன், தவிர முரட்டு வகைப் புற்று, ஆபரேஷன் செய்யாத பக்கத்தில்தான் அதிகம். கீமோ முடிந்த அக்காவுக்கு அதை எப்படிப் பொருத்துவது?

அதற்காகக் கத்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டி வெடித்துப் புண்ணாகி, ரத்தம் கசிந்து, நாற்றத்துக்குப் பயந்து பேரனைக்கூடக் கிட்டே சேர்க்காத பெண்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆபரேஷனோ கரண்டோ பெரிய நிம்மதி. எதற்காகச் செய்கிறோம் என்பதைத் தேதி வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் எங்கள் தெருவிலேயே நடந்தது. இன்னொரு அக்காவுக்குக் கட்டி பெரிசு, அக்குளில் நெறி, ஆனால் வேறெங்கும் பரவவில்லை. கீமோவில் கட்டி கைக்கே தட்டுப்படாமல் போனதும் "அதான் கரைஞ்சிடுச்சே" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அவருக்குத்தான் ஆபரேஷனும் அப்புறம் கரண்டும் கட்டாயம். கைக்குத் தெரியாத மிச்சம் உள்ளே இருக்கலாம். அடுத்த மழைக்காலத்துக்குள் நோய் தோல் மேலேயே வந்துவிட்டது. அவரிடம் ஆபரேஷன் எப்போ என்று ஒருத்தரும் கேட்கவில்லை!

எங்கள் அக்காவுக்கு ஹார்மோனால் வளரும் வகைப் புற்று என்பதால் இனி மாத்திரை, கூடவே எலும்புக்கு ஊசி. அந்த ஊசி தாடை எலும்பைப் பாதிக்கலாம், அதனால் சொத்தைப் பல்லை முன்பே பிடுங்கிவிடச் சொன்னார்கள். நேற்று கன்னம் வீங்கி ஆட்டோவிலிருந்து இறங்கியவளிடம் அதே பெரியம்மா, "ஆபரேஷன் முடிஞ்சுதாம்மா?"

அக்கா வாயில் இருந்த பஞ்சை எடுக்காமலேயே தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.