எண்ணெய்க் கறை படிந்த பலகைத் தரை

ரொறன்ரோவில் அக்கா வீட்டில் நின்றபோது, ஒரு சனிக்கிழமை விடியவே அத்தான் காரை எடுத்தார். நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, எல்லை தாண்டி டிட்ரொயிட். போன இடம், பிக்கெற் அவெனியூவில் 1904இல் கட்டிய போர்ட் கார்த் தொழிற்சாலை. இப்போது அது நூதனசாலை.

மூன்று மாடிச் செங்கல் கட்டடம். 402 அடி நீளம், அகலமோ வெறும் 56 அடி. வெளிச்சம் உள்ளே வரட்டும் என்று இரண்டு பக்கமும் ஜன்னலாகவே வைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாடி மூலையில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு ஹென்றி போர்டும் சில பேரும் இரகசியமாக வரைந்ததுதான் மொடல் ரி (Model T) என்ற கார். 1908 செப்டெம்பரில் முதல் கார் முடிந்தது. முதல் 12,000 கார்களும் இங்கேதான் பூட்டப்பட்டன. 1910இல் கம்பனி பெரிய இடத்துக்குப் போய்விட்டது. பிறகு கட்டடம் பல கை மாறி, இடிபடாமல் தப்பியது, 2000இல் சில ஆர்வலர்கள் சேர்ந்து வாங்கியதால்தான்.

கார்கள் வரிசையாக நிற்கின்றன, அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது தரை. அதே பழைய பலகை. நூறு வருடத்துக்கு முந்திய எண்ணெய் ஊறிக் கறுத்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஒருவன் நாள் முழுக்க நின்று வேலை செய்த இடம் என்று அந்தக் கறையே சொல்கிறது.

அப்போது எனக்கு மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் வாழைச்சேனைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் கடதாசி ஆலை 1956இல் தொடங்கியது. வயலில் எரித்துத் தள்ளும் வைக்கலை அவித்துக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். இந்த நாட்டுப் பிள்ளைகள் எழுதிய கொப்பிகளில் எங்கள் வயல் வைக்கல் இருந்தது. அப்பா அங்கே வேலை செய்தவர். இரவு வேலை முடிந்து வந்தால் சேட்டில் அவிந்த வைக்கல் மணம். அது துவைத்தாலும் போகாது.

ஆலை மறுபடி முழுதாக ஓட வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ஓடாத பழைய இயந்திரம் ஒன்றையாவது இரும்புக்கு விற்காமல், ஒரு கொட்டகையைத் திருத்தி அங்கேயே வைக்க வேண்டும். புதுப் பெயின்ற் அடிக்க வேண்டாம். பக்கத்தில், அதை ஓட்டியவர் ஒருவர் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். டிட்ரொயிட்டில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனதும் ஒரு தொண்டர்தான், வயது போனவர். அந்தத் தலைமுறை எங்களிடம் இன்னும் இருக்கிறது, ஆனால் வருடம் வருடம் குறைகிறது. பழையதைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மட்டக்களப்பு கல்லடியில் புதுப்பாலம் வந்த பிறகும் பழைய இரும்புப் பாலம் நிற்கிறதே. பின்னேரத்தில் எத்தனை பேர் அதில் நடக்கிறார்கள்!

ஊர் வந்ததும் அப்பாவுக்குப் படங்களைக் காட்டினேன். கார்களைத் தள்ளிவிட்டுத் தரைப் படத்தில் நின்றார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “எங்கட மெசினுக்குக் கீழேயும் இப்படித்தான் மகன் இருந்தது” என்றார். பிறகு ஒரு மணித்தியாலம் பேசினார், நான் போனில் பதிந்துவிட்டேன்.

மில்லில் வேலை செய்த ஆட்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். பழைய அடையாள அட்டை, சம்பளத் துண்டு, குழுப்படம் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள், இந்தக் கிழமையே.