'நான் யாருன்னு தெரியுதா?' என்று கேட்காதீர்கள்

முதுமை மறதியோடு தாதிமை இல்லத்தில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போனால் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தெரியவில்லை என்றால், 'இனி என்ன வாழ்க்கை' என்று உடைந்துபோகிறோம். ஞாபகத்தை வைத்து அவர்கள் வாழும் வாழ்க்கைக்கு மதிப்புப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க கியூஓஎல்-ஏடி என்று 13 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. முதுமை மறதி உள்ளவரும் குடும்பத்தாரும் தனித்தனியே நிரப்புவார்கள். குடும்பத்தார் போடும் மதிப்பெண்தான் பொதுவாகக் குறைவாக இருக்கும். மறதி உள்ளவர் இன்றைய பொழுதைச் சொல்கிறார். நாம் பழைய அப்பாவோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்.

பேச்சு குறைந்தவருக்கு முதலில் வலியைப் பாருங்கள். மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போடுவது பெய்னாட் அளவை. அசையாமல் படுத்திருக்கும்போது பார்த்தால் வலி தெரியாமல் போகலாம். புரட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் பார்க்க வேண்டும். 'குளிக்க வைத்தால் அடிக்கிறார்' என்று தாதி சொன்னால், அமைதிப்படுத்தும் மாத்திரைக்குத் தலையாட்டும் முன் கேளுங்கள்: கடைசியாக மலம் கழித்தது எப்போது? பல்லைப் பார்த்தார்களா? சிறுநீர்த் தொற்று இருக்கிறதா? தோள்பட்டை வலியாகக்கூட இருக்கலாம்.

பாசத்தில் தவறு நடப்பது சாப்பாட்டில். வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுபோய் ஊட்டுவோம். நீரும் பருக்கையும் கலந்தது; விழுங்கத் தடுமாறுபவருக்கு இந்தக் கலவைதான் பெரும்பாடு. ரசம் முந்திக்கொண்டு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரை போகும். விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர், திரவம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு 'நிலை 2' என்று எழுதியிருந்தால், அந்தத் திரவத்தை 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்ட பின் 4 முதல் 8 மில்லி மிஞ்ச வேண்டும். ரசத்தை நன்றாக வடிகட்டி அந்தப் பதத்துக்குக் கெட்டியாக்கினால் மிளகும் புளியும் நாக்குக்குக் கிடைக்கும். கெட்டியாக்க மாவுச்சத்துப் பொடி போட்டிருந்தால், எச்சில் பட்ட கரண்டியை மறுபடி கோப்பையில் விடாதீர்கள், நீர்த்துவிடும். சாந்தன் கம் பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம் சிங்கப்பூரில் மொழிப் பிரச்சினையும் உண்டு. மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசியவருக்குக்கூடக் கடைசியில் தமிழ் மட்டும் மிஞ்சலாம். பார்த்துக்கொள்பவரோ பிலிப்பீன்ஸ் அல்லது மியன்மார் தாதி. தண்ணி, வலிக்குது, ஒண்ணுக்கு, சூடு, போதும் என்ற ஐந்தையாவது ஆங்கில எழுத்தில், அர்த்தத்தோடு எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். 'ஒண்ணுக்கு' என்று கூப்பிட்டுக்கூப்பிட்டு ஓய்ந்தவரைக் 'காரணமின்றிக் கத்துகிறார்' என்று குறிப்பில் எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. எனக்கு மனம் ஆறாதது இதுதான்.

ஒலி 96.8 வானொலி பிடிக்கும் என்றால் அரை மணி நேரம் போடச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், கவனம் சிதறும்.

வாய்வார்த்தையாகச் சொன்னால் ஷிஃப்ட் மாறியதும் காணாமல் போகும். பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொல்லி, அடுத்த குடும்பச் சந்திப்பில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.