பில்டருக்கும் காசு எடுத்தார்கள், மூடியைக்கூடத் தொடவில்லை

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது. அரை மணித்தியால வேலை. பழைய ஒயிலை இறக்கி, பில்டரை மாற்றி, புது ஒயிலை ஊற்றி, கையைக் கழுவிவிட்டு மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிடலாம் என்று நினைத்தவன், பின்னேரம் ஐந்தரைக்கும் காருக்குக் கீழே மல்லாக்கக் கிடந்து, நெற்றியில் கறுப்பு ஒயில் சொட்டச் சொட்ட, யாரைத் திட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரியும் யாரை என்று.

கார் 2010ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ், பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். யாழ்ப்பாணத்தில் வீதிக்கு நாலு நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அந்த இடைவெளியில் பழைய ஹைபிரிட் ஒவ்வொன்றுக்கும் காணி விலை. நானும் அந்த விலை கொடுத்து வாங்கிய ஏமாளிதான். ஸ்டார்ட் பண்ணினால் இன்னமும் காருக்குள்ளிருந்து ஒரு ஜப்பான் அக்காவின் குரல் ஏதோ அட்டை போடவில்லை என்று குறைப்படும், நான் பழகிவிட்டேன். வாங்கிப் பதினாலு மாதம், ரண்டு தரம் கராஜில் சேர்விஸ். ரண்டு பில்லும் வீட்டில் இருக்கிறது. இந்த ரண்டு பில்லையும் நினைவில் வைத்திருங்கள்.

காரைத் தூக்குவதற்குள்ளேயே பக்கத்து வீட்டு ஐயா மதிலால் எட்டிப் பார்த்துவிட்டார். "தம்பி, உது ஹைபிரிட் எல்லோ? கை வையாதையும், கரண்ட் அடிச்சுப்போடும்." எல்லாருக்கும் இந்த ஒரு பாட்டுத்தான். பற்றரி 200 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, இன்வேர்ட்டர் அதை 650 வரைக்கும் ஏற்றும், பயப்பட வேண்டியதுதான், ஆனால் அது ஓடுவது செம்மஞ்சள் நிற வயரில் ஐயா, ஒயில் இறக்குகிறவனுக்கு அந்த வயரில் ஒரு வேலையும் இல்லை. உண்மையான ஆபத்து வேறு. காரை ஓஃப் பண்ண மறந்தால், சத்தமே இல்லாமல் நிற்கும் எஞ்சின் நீங்கள் கீழே கிடக்கும்போது தன் எண்ணத்துக்கு ஸ்டார்ட் எடுக்கும். அதனால் காரை ஓஃப் பண்ணி, சாவியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இதைச் சொல்லுவார் ஒருவரும் இல்லை, கரண்ட் அடிக்கும் என்று சொல்லத்தான் ஊரே வரும்.

சரி. பனங்குற்றியைப் பிளந்து செய்த பலகையில் முன் சில்லு இரண்டையும் ஏற்றினேன் (ஏற முன்னம் பம்பர் ஒருதரம் உரசியது, அதையும் கணக்கில் சேருங்கள்), பின் சில்லுகளுக்குக் கல் வைத்தேன். கீழே கறுப்பு பிளாஸ்ரிக் கவரில் ஒயிலுக்கென்றே ஒரு சின்னக் கதவு இருக்கும், கிளிப்பைக் கழற்றினால் தொங்கும், ஜப்பான்காரன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். என் காரில் அந்தக் கிளிப்பே இல்லை. கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தது. வேலி கட்டுகிற கம்பி!

இறக்குகிற போல்ட் 14ஆம் நம்பர். 37 நியூட்டன் மீற்றர் போதும், அதாவது சாதாரண ஸ்பனரில் ஒரு கையால் இறுக்கும் அளவு. இதை இறுக்கியவன் ஸ்பனருக்குப் பைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும். தலையின் மூலைகள் பாதி தேய்ந்திருந்தன. ரிங் ஸ்பனர் வழுக்கி, முழங்கையின் தோல் போய், கடைசியில் ஆறு முக சொக்கற்றைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, நானும் பைப் போட்டுத்தான் கழற்றினேன். பூட்டும்போது கொஞ்சம் யோசித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வோஷரும் பழையது, தகடாகிப்போய் ஒட்டியிருந்தது.

அப்புறம் பில்டர். இந்த எஞ்சினில் பில்டர் தகர டப்பா வகை இல்லை. வெறும் கடதாசி உருளை, அதைச் சுற்றி ஒரு மூடி, மூடியைக் கழற்ற 64 மில்லிமீற்றரில் 14 பட்டைக் கிண்ணம் ஒன்று வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். மாட்டித் திருகினால், அசையவில்லை. மூடியைச் சுற்றி மண்ணும் ஒயிலும் சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகியிருந்தது. ஒரு கை பட்ட அடையாளம்கூட இல்லை. திரும்பத் திரும்ப மல்லுக்கட்டி, ஒருவழியாகக் கழன்று வந்தபோது உள்ளே இருந்ததைப் பார்க்க வேண்டும். தார் மாதிரிக் கறுத்த கடதாசி, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நசுங்கி. ஓ-ரிங்கை நகத்தால் இழுத்தேன், றப்பர் வளையவில்லை, உடைந்து துண்டாக வந்தது. இது ஒரு சேர்விஸ் பழையதா? பல வருசக் குப்பை.

அப்போதுதான் உறைத்தது. போன சேர்விஸில் கராஜ்காரர், "இந்தாங்கோ அண்ணை, உங்கட பழைய பில்டர், பாருங்கோ எவ்வளவு அழுக்கு" என்று ஒரு பெட்டியில் போட்டுக் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன். அது வெள்ளைப் பெயின்ற் அடித்த தகர டப்பா பில்டர். என் காரில் தகர டப்பாவே கிடையாது! யாரோ ஒருவருடைய காரின் பில்டரை எனக்குக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார்.

பில்லை எடுத்துப் பார்த்தேன். அதிலும் எழுதியே வைத்திருக்கிறார்கள். பில்டரோடு மாற்றினால் இந்த எஞ்சின் 4.2 லீற்றர் குடிக்கும், பில்டரைத் தொடாவிட்டால் 3.9. இரண்டு பில்லிலும் ஒயில் 4 லீற்றர், ஒரு கேன், சரிக்குச் சரி. பில்டரை மாற்றியிருந்தால் அது காணாது. கணக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். கிண்ணம் இல்லாத கராஜ் என்றால் இல்லை என்று சொல்லலாம்தானே, நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். அதே ஆள்தான் "எங்கட வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி அண்ணை, தடிப்பானதா ஊத்துவம்" என்று, இந்த எஞ்சினுக்குரிய மெல்லிய ஒயிலைப் பற்றிச் சொன்னவர். சந்திக்குச் சந்தி நின்று நின்று ஸ்டார்ட் எடுக்கிற எஞ்சின் இது, உடனே ஏறிப் பரவத்தான் ஒயில் இவ்வளவு மெல்லிசு. யாழ்ப்பாணத்து ஓட்டத்தில் எஞ்சின் ஒழுங்காகச் சூடேறுவதே பாதி நாள் இல்லை. இதை யார் அவருக்கு விளங்கப்படுத்துவது?

புது ஓ-ரிங்குக்கு ஒயில் தடவி, மூடியை 25 நியூட்டன் மீற்றரில் பூட்டி, ஊற்றி முடித்து, ஒழுகுகிறதா என்று பார்ப்போம் என்றால் இந்தக் கார் எஞ்சினை ஓட்டாது. பட்டனை அமத்தினால் பச்சை லைற் எரியும், ஜப்பான் அக்கா கதைப்பா, பிறகு அமைதி. பிரேக்கில் கால் வைக்காமல் பட்டனை இரண்டு தரம் அமத்தி, கியரைப் பி-யில் (பார்க்) வைத்து அக்சிலேற்றரை முழுக்க இரண்டு தரம், என்-இல் (நியூட்ரல்) இரண்டு தரம், திரும்பப் பி-யில் இரண்டு தரம் மிதித்து, பிரேக்கோடு ஸ்டார்ட் பண்ண வேண்டும், அறுபது வினாடிக்குள். மூன்றாவது முயற்சியில்தான் எடுத்தது. பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று சிரித்தார்கள், அப்பா காருக்குள் டான்ஸ் ஆடுகிறார் என்று.

மிஞ்சியது நாலு லீற்றர் கறுப்பு ஒயில். கீழே சுண்ணாம்புக் கல், ஊற்றினால் நேரே கிணற்றுக்குப் போகும், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் தண்ணீருக்கு அலைந்ததைப் பார்த்த பிறகும் காணிக்குள் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கேனில் அடைத்து வைத்தேன். கரண்ட் அடிக்கும் என்ற ஐயா ஒரு போத்தலோடு வந்தார். "தம்பி, வேலித் தூணுக்குப் பூச, கறையான் வராது, கொஞ்சம் தாரும்." கொடுத்தேன்.

திங்கள் காலை அந்தக் கடதாசிப் பில்டரைப் பொலித்தீன் பையில் போட்டு, இரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். பார்த்தார். பையை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயோ அண்ணை, அது வேலையால நிண்டுபோன பெடியன் செய்தது, எனக்குத் தெரியாது. நீங்கள் அடுத்த முறை கொண்டு வாங்கோ, பில்டர் ஃப்ரீயாப் போட்டுத் தாறன்."

போட்டுத் தருவாராம்.