பெண் வீரருக்கு ஆணின் அளவில் கால்சட்டை எதற்கு?

இராணுவச் சீருடை என்றதும், சூழலோடு கலந்து மறைக்கும் அதன் கேமோ நிறத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். சுமையோடு நடந்து, மண்டியிட்டு, தவழ்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கால்சட்டை கைகொடுக்குமா, காலை வாருமா என்பதைத் தீர்மானிப்பது அதன் வெட்டும் தையலும்தான் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்கத் தரைப்படை 2004-இல் அறிவித்த போர்ச் சீருடையை எடுத்துக்கொள்வோம். நைலானும் பருத்தியும் சரிபாதி கலந்த, கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் துணி. தொடையில் முன்பக்கம் சாய்த்துத் தைத்த, பொருள்கள் வைக்கும் பெரிய கார்கோ பாக்கெட். முழங்காலில் மெத்தை செருகும் உறை. கணுக்காலில் இழுத்துக் கட்டும் நாடா. மண் அடைத்துக்கொண்டு பிடிப்பை இழந்த வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைக் கைவிட்டு, பின்னாளில் கார்கோ பாக்கெட்டுக்குப் பொத்தான் வைத்தார்கள்; வெல்க்ரோவைப் பிரிக்கும்போது எழும் சத்தமும் அதோடு ஒழிந்தது.

இவ்வளவு யோசித்துச் செய்த கால்சட்டை பெண்ணின் உடலில் ஏறும்போது என்ன ஆகிறது? பிட்டத்துக்குப் பொருந்தும் அளவை எடுத்தால் இடுப்பு தொளதொளக்கிறது. பெல்ட்டால் இறுக்கினால் துணி மடிப்பு மடிப்பாகத் திரள்கிறது. அந்த மடிப்பின் மேல் முதுகுப்பையின் இடுப்புவார் அழுந்த, நெடுநடை முடிவதற்குள் தோல் உராய்ந்து சிவந்துவிடுகிறது. முழங்கால் உறையோ கணைக்காலுக்கு இறங்கிவிடுவதால், மண்டியிடும்போது கல்லில் படுவது பாதுகாப்பில்லாத முட்டிதான். 2010-களின் தொடக்கத்தில் அதே படை பெண்களின் உடலமைப்பைக் கருதி மாற்றுச் சீருடையைக் கொண்டுவந்தது. பிட்டப் பகுதியை அகலமாக்கி, இடுப்பு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்து, முழங்கால் உறையின் இடத்தையும் மாற்றினார்கள்.

சிறுநீர் கழிப்பதைப் பற்றியும் கூச்சமின்றிப் பேச வேண்டும். ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கப் பெண் வீரர்கள் பலர், அதற்கான வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு நீர்க்கடுப்பாலும் சிறுநீர்த் தொற்றாலும் அவதிப்பட்டார்கள். பெல்ட்டையும் கருவிகளையும் முழுதாகக் கழற்றாமல் திறக்கக்கூடிய முன்திறப்பு, ஒரு பெண் வீரரின் உடல்நலத்துக்கு அத்தனை முக்கியம்.

நம் நாட்டில், 2022 ஜனவரி 15 இராணுவ நாளன்று அறிமுகமான புதிய சீருடையை நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைத்தார்கள். பருத்தி 70, பாலியஸ்டர் 30 என்ற கலப்பு, எலாஸ்டிக்கும் பொத்தானும் கொண்டு சரிசெய்யும் இடுப்பு, கவட்டையில் இரட்டைத் துணி ஆகியவற்றோடு, பெண்களுக்கு ஏற்ப வெட்டிலும் மாற்றம் செய்திருப்பது மனதார வரவேற்கத்தக்கது. சென்னை பரங்கிமலை பயிற்சி மையத்தில் 1992 முதலே பெண்கள் அதிகாரிகளாகப் பயிற்சி பெற்றுவருவதை நினைத்தால், இது மிகவும் தாமதமாக வந்த மாற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காவல்துறை, வனத்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் பெண்களுக்கும் இதே அக்கறை வேண்டும். சீருடைக்கு அளவெடுக்கும்போது இடுப்போடு நிறுத்தாமல் பிட்டச் சுற்றளவு, கவட்டை நீளம், முழங்கால் உயரம் மூன்றையும் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். துணி வாங்குவதற்கான ஒப்பந்தத்திலேயே பெண்களுக்கான அளவுப் பட்டியல் தனியாக இடம்பெற வேண்டும்.